இறங்காத படிக்கட்டு

அந்த மாலுக்குள் நுழைந்ததிலிருந்தே இன்ஸ்பெக்டரம்மாவின் வலது முழங்கால் முனகிக்கொண்டிருந்தது. இரண்டாம் மாடிக்கு வந்ததும் அழவே ஆரம்பித்துவிட்டது.

அவள் காவல் துறையில் ஒரு நாள்கூட வேலை பார்த்தவள் இல்லை. குரலைக் கேட்டு ஜனங்கள் வைத்த பேர் அது. பிழைப்பு, துப்பறியும் நிறுவனம். நிறுவனம் என்றால் ஒரு அறை, ஒரு மின்விசிறி, ஒட்டடை. ஒட்டடை என்பவன் உதவியாளன். உயரத்துக்குத் தகுந்த சதை போட மறந்துபோன உடம்பு. வாய் மட்டும் மூன்று ஆளுக்கானது.

“தலைவி, உங்க முட்டிக்குத் தனியா ஃபீஸ் போட்டுடலாமா? அதுவும் கூடவே வேலைக்கு வருது.”

“வருது. ஆனா வாயை மூடிக்கிட்டு வருது. உன்னை மாதிரி இல்ல.”

எதிரே இருந்ததுதான் விவகாரத்துக்குரிய கடை. அதை இன்னும் கடை என்று சொல்ல முடியாது. மூன்று சுவர், சிமெண்டுத் தரை, கூரையிலிருந்து தொங்கும் ஒயர்கள், முன்னால் ஒரு பெரிய கண்ணாடி. இதைச் சொந்தமாக வாங்க வேண்டுமானால் பைக்கடைக்காரி தன் வீட்டை விற்க வேண்டும். வீட்டுக்கு ஆளும் பார்த்தாகிவிட்டது. இன்று சாயங்காலம் இங்கே முன்பணம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டால் கடை அவளுடையது. வீடு எவனோ ஒருவனுடையது.

பைக்கடைக்காரி தலைச்சுமையாகத் துணிப்பை விற்றவள். பிறகு நடைபாதையில் விரித்தாள். பிறகு கதவு வைத்த ஒரு வாடகைக் கடைக்குப் போய், பையோடு சூட்கேசும் சேர்த்து விற்றாள். தலையில் இப்போதும் சுமை இருப்பதைப் போலவே கழுத்தை நிமிர்த்தி நிற்பாள். சாலையை அகலப்படுத்த அந்தக் கடையை இடிக்கப் போகிறார்கள். புதுக் கடை வேண்டும். முந்தாநாள் நேராக இன்ஸ்பெக்டரம்மாவின் அறைக்கு வந்து உட்கார்ந்தாள்.

“வாங்குறதா, வாடகைக்கு எடுக்குறதா? அதைக் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க.”

“நாங்க ஓடிப்போனவங்களைக் கண்டுபிடிப்போம். மாப்பிள்ளை யோக்கியனான்னு விசாரிப்போம். கடையெல்லாம் எங்களுக்குத் தெரியாதும்மா.”

“இவனும் மாப்பிள்ளைதாங்க. இருக்கிறதை எல்லாம் வித்து இவன் கையில குடுக்கப் போறேன். யோக்கியனான்னு சொல்லுங்க, போதும்.”

இப்படிக் கேட்ட பிறகு எந்தத் துப்பறிவாளி மறுக்க முடியும்?

“பாருங்க மேடம், கூட்டத்தைப் பாருங்க!” என்று கையை விரித்தான் விற்பனை மேலாளர். ஒட்டடை அவனுக்கு ஏற்கெனவே பேர் வைத்துவிட்டான்: கோட்டுக்காரன். “இன்னிக்கு வேலை நாள். வேலை நாள்லயே இந்தக் கூட்டம்னா, லீவு நாள்ல நினைச்சுப் பாருங்க!”

பொய் இல்லை. கடை முன்னால் ஜனங்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். கைக்குழந்தைக்காரிகள், கல்லூரிப் பிள்ளைகள், தொப்பையைத் தள்ளிக்கொண்டு நடக்கும் பெரிய மனிதர்கள்.

“அண்ணி, இதுக்கு மேல என்ன யோசனை?” என்றான் பைக்கடைக்காரியின் கொழுந்தன். அண்ணன் போன பிறகு அண்ணிக்கு இருக்கும் ஒரே ஆண் துணை. அப்படித்தான் அவனே சொல்லிக்கொண்டான். “வாடகைங்கிறது மாசாமாசம் அடுத்தவன் அடுப்புக்கு நாம விறகு வெட்டிக் குடுக்கிறது. சொந்தம்னா சொந்தம். எவனும் காலி பண்ணுன்னு சொல்ல முடியாது.”

“நீங்க இங்க அடிக்கடி வருவீங்களோ?” என்றாள் இன்ஸ்பெக்டரம்மா.

“இல்லீங்க, இது ரெண்டாவது தடவை. அண்ணிக்காகத்தான். இருங்க, எல்லாருக்கும் டீ சொல்றேன்.”

நடைவழியின் ஓரத்தில் தொப்பி வைத்த ஒருவன் டீ விற்றுக்கொண்டிருந்தான். கொழுந்தன் விரலைக் காட்டினான். காகிதக் கோப்பைகள் வந்தன. ஒட்டடை அவசரமாக ஒன்றை எடுத்து வாயில் ஊற்றி, முகத்தைக் கோணினான்.

“என்னய்யா இது, கஷாயமா?”

“அது அவருக்கு சார்.” டீக்காரன் கோப்பையைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கொழுந்தனிடம் கொடுத்தான். “உங்களுது இந்தப் பக்கம்.”

கொழுந்தன் அதை எச்சில் என்றுகூடப் பார்க்காமல் ஒரே மடக்கில் குடித்தான். இன்ஸ்பெக்டரம்மா தன் டீயை ஆற்றிக்கொண்டே கூட்டத்தைப் பார்த்தாள். ஒரு டீ முடியும் வரை பார்த்தாள்.

“ஒட்டடை, இந்த மூஞ்சிங்களைப் பாரு. ஏதாவது வாங்க வந்த மூஞ்சியா?”

“கக்கூஸ் எங்க இருக்குன்னு தேடுற மூஞ்சி, தலைவி.”

“எந்தப் பக்கம் போறாங்க?”

“இடமிருந்து வலம்.”

“வலமிருந்து இடம்?”

ஒட்டடை கழுத்தை நீட்டிப் பார்த்தான். ஒரு ஆள்கூட இல்லை. கடைத்தெருக் கூட்டம் போகும், வரும், நிற்கும், இடிக்கும், விலை கேட்டுவிட்டுத் திட்டும். இந்தக் கூட்டம் மழைநீர் ஓடுவதைப் போல ஒரே பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது.

கைக்குழந்தையோடு வந்த ஒருத்தியை இன்ஸ்பெக்டரம்மா நிறுத்தினாள். “எங்கம்மா எல்லாரும் இப்படியே போறீங்க?”

“கீழ இறங்கத்தான். இறங்குற எஸ்கலேட்டர் ரிப்பேராம். இப்படியே சுத்திப் போய் அந்தக் கோடியில இருக்கிற படியில இறங்கச் சொல்றாங்க. இடுப்பு ஒடியுது.” அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

இன்ஸ்பெக்டரம்மாவின் முழங்கால் அழுகையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டது.

இறங்கும் எஸ்கலேட்டர் அசையாமல் கிடந்தது. குறுக்கே சங்கிலி. சங்கிலியில் ஒரு பலகை: ‘பழுது பார்க்கும் பணி நடைபெறுகிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.’ படியில் நீலச் சட்டை போட்ட மெக்கானிக் ஒருவன் ஸ்பானரை மடியில் வைத்துக்கொண்டு செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே, என்ன கோளாறு?” என்றான் ஒட்டடை.

“மோட்டாரு.”

“எந்த மோட்டாரு?”

“பெரிய மோட்டாரு.”

“சின்ன மோட்டார் நல்லா இருக்கா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?”

மெக்கானிக் முறைத்தான். இன்ஸ்பெக்டரம்மா அவன் முகத்தைப் பார்க்கவில்லை, நகத்தைப் பார்த்தாள். அவளுடைய அப்பா இரும்புப் பட்டறையில் வேலை பார்த்தவர். சாகும் வரை அவர் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. செத்த பிறகும் போகவில்லை. இவன் நகம் பெண் பார்க்கப் போகிறவன் நகம்.

பிறகு பலகையைத் திருப்பிப் பார்த்தாள். பித்தளைச் சட்டம் போட்டு, ஆணி அடித்துச் செய்த உருப்படியான பலகை. ஓரமெல்லாம் கை பட்டுத் தேய்ந்திருந்தது. சங்கிலியின் இரண்டு முனையும் சுவரில் பதித்த இரண்டு கொக்கிகளில் மாட்டியிருந்தது. கொக்கி துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய்கூடப் போட்டிருந்தார்கள்.

“மோட்டாருக்கு எண்ணெய் போடல, கொக்கிக்குப் போட்டிருக்கான்” என்றான் ஒட்டடை.

“ரெண்டு நாள் ரிப்பேருக்கு எவனாவது சுவத்துல துளை போட்டுக் கொக்கி மாட்டுவானா? கயித்தைக் கட்டிட்டுப் போவான். இந்த ரிப்பேர் அடிக்கடி வர்ற விருந்தாளி. போ, இதே மாதிரி கொக்கி வேற எங்கயாவது இருக்கான்னு பாரு.”

“நீங்க?”

“நானும் வர்றேன். மெதுவா நட.”

கொக்கி மாடியின் மறு கோடியில், கூட்டம் போகாத பக்கத்தில் கிடைத்தது. அங்கேயும் இறங்கும் எஸ்கலேட்டர் ஒன்று. அது ஜோராக ஓடிக்கொண்டிருந்தது, ஆள்தான் இல்லை; இந்தப் பக்கம் வழிகாட்டும் அம்புக்குறி ஒன்றுகூட இல்லை. பக்கச் சுவரில் அதே உயரத்தில் அதே ஜோடிக் கொக்கி. சும்மா இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு நடைவழி நீண்டது. விளக்கில் பாதி எரியவில்லை. பல கடைகளின் ஷட்டர் இறங்கிக் கிடந்தது. ஒரே ஒரு பொம்மைக் கடை திறந்திருந்தது. உள்ளே ஒரு பொம்மை ரயில் வட்டம் போட்டுக்கொண்டிருக்க, கடைக்காரர் கன்னத்தில் கை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் வருவதைக் கண்டதும் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது.

“வாங்க, வாங்க! என்ன வயசுப் பிள்ளைக்கு?”

“இவனுக்குத்தான்” என்று ஒட்டடையைக் காட்டினாள் இன்ஸ்பெக்டரம்மா. “வாங்க வரல ஐயா. கேக்க வந்தோம். கடை சொந்தமா?”

அவர் நாற்காலியை நிமிர்த்திப் போட்டு மறுபடி உட்கார்ந்தார். “சொந்தம். அதான் உக்காந்திருக்கேன்.”

“வாங்கும்போதே இப்படியா?”

“அப்ப இங்க நிக்க இடம் இருக்காது. எதிர்ல இந்தப் படிக்கட்டு ரிப்பேர்னு சங்கிலி போட்டிருந்தாங்க. மேல வந்த ஜனம் எல்லாம் என் கடையைச் சுத்தித்தான் கீழ போகணும். பார்த்தேன், மயங்கிட்டேன். இந்த வரிசையில கடைசிக் கடை வித்துச்சு. மறுநாள் படிக்கட்டு ஓட ஆரம்பிச்சிடுச்சு.”

“கைராசியான டாக்டர்” என்றான் ஒட்டடை.

“வாடகைக்கு எடுத்திருந்தா?” என்றாள் இன்ஸ்பெக்டரம்மா.

“பூட்டிச் சாவியை அவன் மேசையில வீசிட்டுப் போயிருப்பேன். இப்ப எங்க போறது? விக்கலாம்னா வாங்க நாய்கூட வராது. விளக்குக்கும் கூட்டிப் பெருக்கவும்னு மாசாமாசம் கேட்டு வாங்கிடுறான். என் கடையில நான் காத்து வாங்குறதுக்கு அவனுக்குக் காசு கட்டுறேன்.”

ரயில் தடம் புரண்டு சக்கரத்தைச் சுழற்றியது. அவர் எடுத்து நிறுத்தினார்.

“பக்கத்துல யாரு? பூட்டிக் கிடக்கே?”

“செல்போன் உறை விக்கிற தம்பி. பாவம், நல்ல பையன். சாயங்காலம் ஆனா ரெண்டு பேரும் டீ வாங்கிட்டு வந்து இங்கதான் குடிப்போம். அவனுக்கு மட்டும் சக்கரை இல்லாம. இப்ப கொஞ்ச நாளா வரல. ஒரு வேலை இருக்குண்ணே, அது முடிஞ்சா இந்த நரகத்துலயிருந்து எனக்கு விடுதலைன்னு சொல்லிட்டுப் போனான்.”

ஒட்டடை வாயைத் திறந்தான். நாக்கில் அந்தக் கசப்பு டீ ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டான். அவனுடைய வாழ்க்கையில் இது அரிதான சம்பவம்.

அவர்கள் திரும்பியபோது பைக்கடைக்காரி காலி அறைக்குள் நின்று, எந்தச் சுவரில் எந்தப் பையை மாட்டலாம் என்று கையால் அளந்துகொண்டிருந்தாள். கொழுந்தன் வாசலில் நின்றான். கோட்டுக்காரன் பத்திரம் எடுத்துவரப் போயிருந்தான்.

இன்ஸ்பெக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. படிக்கட்டைச் சொன்னாள், சங்கிலியைச் சொன்னாள், பொம்மைக் கடையைச் சொன்னாள். “நீங்க கையெழுத்துப் போட்டு, இந்த வரிசையும் வித்து முடிஞ்சதும் அந்தப் படிக்கட்டு பிழைச்சுக்கும். இந்தக் கடை செத்துடும். மாப்பிள்ளை யோக்கியன் இல்லம்மா.”

“எவனோ வியாபாரம் பண்ணத் தெரியாதவன் சொல்றதைக் கேட்டுக்கிட்டு...” என்று குறுக்கே வந்தான் கொழுந்தன். “அண்ணி, இவங்களுக்கு என்ன தெரியும்?”

“எங்களுக்கு டீயைப் பத்திக் கொஞ்சம் தெரியும்” என்றாள் இன்ஸ்பெக்டரம்மா. “ரெண்டாவது தடவை வர்ற ஆளுக்கு, கேக்காமலே சக்கரை இல்லாத டீயை எடுத்துக் குடுக்கிற டீக்காரனை நான் இப்பத்தான் பார்க்கிறேன். அந்தக் கோடியில செல்போன் உறை விக்கிற கடை யாரோடது தம்பி?”

கொழுந்தனின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது. அது மட்டும்தான் அந்த மாடியில் தங்குதடையில்லாமல் இறங்கியது.

“உனக்கு இங்க கடை இருக்கா?” என்றாள் பைக்கடைக்காரி. “கம்பெனி வேலைக்குப் போறேன்னுதானே சொன்ன?”

“கம்பெனியை விட்டு நின்னுட்டேன் அண்ணி. அவங்க குடுத்ததை எல்லாம் போட்டு இதை வாங்கினேன். நல்லா ஓடின பிறகு உங்களைக் கூட்டிட்டு வந்து காட்டலாம்னு... ஓடல. சொன்னா சிரிப்பீங்கன்னு பயம்.”

“சிரிச்சிருப்பேன்” என்றாள் அவள். “சிரிச்சிட்டு, சோறு போட்டு, மேல என்ன பண்றதுன்னு பார்த்திருப்பேன். இதுல நான் எங்க வந்தேன்?”

“இந்தக் கடையை வாங்க ஒரு ஆளைக் கொண்டு வந்தா, என் கடையைத் திருப்பி எடுத்துக்கிறேன்னு சொன்னாங்க.”

“யாரைக் கொண்டு வரச் சொன்னாங்க?”

“யாரையாவது.”

“யாரையாவதுன்னதும் என் மூஞ்சிதான் உனக்கு ஞாபகம் வந்துச்சா?”

அவன் தலையைத் தூக்கவில்லை. அவள் அவனைத் திட்டியிருக்கலாம். இரண்டு அறைகூட விட்டிருக்கலாம். அவன் சட்டையில் மடங்கியிருந்த காலரை நிமிர்த்திவிட்டாள். அவனுக்கு அதுதான் அதிகமாக வலித்தது.

கோட்டுக்காரன் பத்திரத்தோடும் பல்லோடும் வந்து சேர்ந்தான். நிலவரத்தைப் பார்த்ததும் பல்லைப் பாதி மூடினான். விஷயம் வெளியே வந்துவிட்டது என்று தெரிந்ததும் மறுபடி முழுசாகத் திறந்தான்.

“இதுல மோசடி எங்க இருக்கு மேடம்? வந்தது பொம்மைகளா? நிஜ ஜனம். நாங்க அவங்களுக்கு வழி காட்டுறோம், அவ்வளவுதான்.”

“ஆட்டுக்கும் அப்படித்தான் வழி காட்டுவாங்க” என்றான் ஒட்டடை. “வழி முடியிற இடத்துல ஒருத்தர் கத்தியோட நிப்பாரு. அவரும் கோட்டுப் போட்டிருப்பாரா?”

“கீழ்த்தளத்துல ஒரு கடை விலைக்குக் கேட்டா குடுப்பீங்களா?” என்றாள் இன்ஸ்பெக்டரம்மா.

“அதெல்லாம் வாடகைக்கு மட்டும்தான்.”

“நல்லா ஓடுறதை நீங்க வெச்சுக்கிட்டு வாடகை வாங்குவீங்க. ஓடாததை எங்க தலையில கட்டுவீங்க.”

“சரி, வாடகைக்கே எடுத்துக்குங்க!” கோட்டுக்காரன் பைக்கடைக்காரியின் பக்கம் திரும்பிக் குரலைத் தழைத்தான். “பாதி வாடகை. இந்த மாடியில யாருக்கும் குடுக்காத வாடகை. நீங்க கடையைத் திறந்து, விளக்கைப் போட்டு, கலகலன்னு வெச்சிருந்தா போதும். அதைப் பார்த்துப் பக்கத்துக் கடைங்க வித்துடும். உங்களுக்கும் லாபம், எங்களுக்கும் லாபம்.”

பக்கத்துக் காலி அறையில் அப்போதும் ஒரு வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. இன்னொரு கோட்டுக்காரன், ஒரு புருஷன் பெண்டாட்டிக்குக் கூட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். புருஷன்காரன் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தான். வெயில் பட்டதில் வலது கை மட்டும் கறுத்திருந்தது. பெண்டாட்டி பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில், எழச் சொன்னால் எழுந்துவிடத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

பைக்கடைக்காரி அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஒரு வருஷத்துக்கு எழுதுங்க” என்றாள். “நடுவுல நான் எப்ப வேணா காலி பண்ணலாம். நீங்க பண்ணச் சொல்லக் கூடாது.”

“தாராளமா!” கோட்டுக்காரன் கீழ்த்தளத்திலிருந்து வாடகைப் பத்திரத்தை வரவழைத்தான். வீட்டை விழுங்க முடியாவிட்டாலும் தூண்டிலுக்கு ஒரு புழு கிடைத்த சந்தோஷம்.

இன்ஸ்பெக்டரம்மா அவள் காதருகே போனாள். “அம்மா, உங்களைக் காட்டித்தான் அடுத்தவங்களைப் பிடிக்கப் போறான். தெரியுதா?”

“தெரியுதுங்க. எனக்குக் கடையும் வேணுமே. அடுத்த மாசம் இடிக்க வர்றான்.”

கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு தாளாக, நிதானமாக. தன் பிரதியை நான்காக மடித்து இடுப்பில் செருகினாள். இன்ஸ்பெக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“தம்பி” என்று கொழுந்தனைக் கூப்பிட்டாள் பைக்கடைக்காரி. “உன் கடை ஷட்டரைத் திறந்து வை. சூட்கேஸ் அடுக்க எனக்கு இடம் பத்தாது. வாடகை குடுத்துடுறேன். அங்கயிருந்து இங்க தூக்கிட்டு வர்றது உன் வேலை. தலையில வெச்சுத் தூக்கு. கழுத்து நிமிரும்.”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான்.

அவளும் வெளியே வந்தாள். நேராகப் பக்கத்து அறைக்குள் போனாள். அங்கே பேனாவின் மூடி கழற்றியாகிவிட்டது.

“பாருங்க சார்!” என்று அந்த இன்னொரு கோட்டுக்காரன் குதித்தான். “பக்கத்துக் கடை மேடமே வந்துட்டாங்க. இப்பத்தான் கையெழுத்துப் போட்டாங்க. நீங்களே கேட்டுக்குங்க!”

“ஆமா, நான்தான் பக்கத்துக் கடை” என்றாள் பைக்கடைக்காரி. “இதை வாங்கறதுக்காக என் வீட்டை விக்கிறதா இருந்தேன். விக்கல. வாடகைக்குத்தான் எடுத்திருக்கேன், அதுவும் பாதி வாடகைக்கு. நீங்க எதை விக்கப் போறீங்க?”

பேனா நின்றது. அந்த ஆள் பெண்டாட்டியைப் பார்த்தான்.

“லாரியை” என்றான்.

பின்னால் முதல் கோட்டுக்காரன் ஓடி வரும் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டரம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு, உடம்பை அகலமாக வைத்து வாசலை அடைத்து நின்றாள். மிச்சமிருந்த இடைவெளியில் ஒட்டடை நின்றான்.

லாரிக்காரன் பெண்டாட்டி எழுந்து, தன் நாற்காலியைப் பைக்கடைக்காரியின் பக்கம் தள்ளினாள்.

“உக்காருங்கக்கா. முழுசா சொல்லுங்க.”